மூன்றாவது பறவை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணிக்குப் பூவராகன் கப்பலின் இழுவைக் கதவருகே வந்து நின்றான்; நின்றதும் நிற்காததுமாக, இன்றைக்காவது ஒரு பறவை செத்து வரட்டும் என்று வேண்டிக்கொண்டான். வேண்டிய கையோடு வெட்கமும் பட்டான். அந்தக் கப்பலில் அவனுக்குச் சோறு போடுவதே பறவை சாகாமல் பார்த்துக்கொள்ளத்தான். அறிவியல் பார்வையாளர் என்று அவனுடைய ஆரஞ்சுச் சட்டையின் முதுகில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். தென்துருவத்துக்குப் பக்கத்தில், பனிக்கட்டி மிதக்கிற கடலில், ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் டூத்ஃபிஷ் என்ற ராட்சத மீனை நீளத் தூண்டில் போட்டுப் பிடிக்கிற கப்பல் அது. மற்றவர்கள் பிடிப்பார்கள், இவன் பார்ப்பான். எத்தனை தூண்டில் முள் வந்தது, எத்தனை மீன், என்ன நீளம், ஆணா பெண்ணா, கூட வேறென்ன மாட்டியது என்று எழுதுவான். இழுக்கும்போது ஒரு மணி நேரம் கயிற்றை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஒவ்வொரு முள்ளும் நீரை விட்டு மேலே வரும்போது கையிலிருக்கும் பொத்தானை ஒரு அழுத்து. பரங்கிப்பேட்டையில் ஆறு வருஷம் கடல் உயிரியல் படித்தவன், கடைசியில் கட்டை விரலுக்கு வேலை தேடிக்கொண்டு பூமியின் அடிக்கு வந்து சேர்ந்தான். முதல் முள் காலி. இரண்டாவது காலி. மூன்றாவதில் இரையாகக் கட்டிய கணவாய்த் துண்டு கட்டியபடியே இருந்தது. கதவுக்கு வெளியே நீர் கறுப்பாக ஏறி இறங்கியது, காற்று மூக்கு வழியே போய் நெற்றிக்குள் குத்தியது. அவன் அழுத்திக்கொண்டே போனான்.

ஏற்கெனவே இரண்டு பறவை ஆகிவிட்டது. பதினோராம் தேதி ஒன்று, இருபத்து மூன்றாம் தேதி ஒன்று, இரண்டும் தூண்டில் இறக்கும்போது இரைக்குப் பாய்ந்து முள்ளில் மாட்டி, கயிறோடு கீழே போய், மறுநாள் நனைந்த துணி மாதிரி மேலே வந்தவை. இரண்டையும் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்து எண் போட்டது அவன்தான். அன்றைக்கெல்லாம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதோ மூன்றாவது எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அது என்ன கணக்கு என்றால், சட்டப்படி இருட்டில்தான் தூண்டில் இறக்க வேண்டும். இருட்டில் பறவைக்கு இரை தெரியாது. ஆனால் இந்தக் கடலில் கோடையில் இருட்டு என்பதே இல்லை. சூரியன் விழாமல் வானத்தைச் சுற்றிச் சுற்றி வரும். அதனால் ஒரு சலுகை கொடுத்திருக்கிறார்கள்: பகலில் இறக்கிக்கொள், ஆனால் மூன்று பறவை செத்தால், அல்லது பிழைக்காதபடி காயம்பட்டால், சலுகை போச்சு. உயிரோடு காயமில்லாமல் விடுவித்தது கணக்கில் வராது. சலுகை போனால் இருட்டுக்குக் காத்திருக்க வேண்டும். இருட்டு வர இன்னும் ஐந்து வாரம். எந்தக் கேப்டனும் ஐந்து வாரம் எண்ணெயை எரித்துக்கொண்டு சும்மா மிதக்க மாட்டான். கப்பலைத் திருப்பிவிடுவான். ஒன்பது நாளில் துறைமுகம், துறைமுகத்தில் ஆஸ்பத்திரி. ஒரே ஒரு பறவை. ஐந்து கிலோ எடை. இத்தனைக்கும் கதவுக்கு வெளியே இருபது முப்பது பறவைகள் முள்ளில் மிஞ்சி வரும் இரைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன, ஒன்றுக்காவது புத்தி கெட்டுப் போகக் கூடாதா? நூற்றுப் பத்து. நூற்றுப் பதினொன்று. அடச்சீ, என்ன நினைப்பு இது.

ஆஸ்பத்திரி தொபியாஸ் அண்ணனின் கைக்காக. அவர் இவனுக்கு மூன்று அடி தள்ளி, இடது கையால் துடைப்பத்தைப் பிடித்து, தளத்தில் கிடந்த செதிலையும் ரத்தத்தையும் வடிகாலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். பெரியதாழைக்காரர், நாற்பத்தெட்டு வயது, கப்பலில் இவனுக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள். "எங்கூருல இதயே ஆயிரங்கால் தூண்டிம்போம் சார், இவிய என்னவோ புதுசா கண்டுபிடிச்ச மாரி பேசுதாவ" என்று முதல் நாளே சிரிக்கவைத்தவர். வலது கை பொட்டலமாகக் கட்டியிருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் விரல் மாதிரி இல்லை. பத்து நாளைக்கு முன்னால் உள்ளங்கைக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் முள் ஏறிய இடம் அது. யாரால் ஏறியது என்று ஊர் கேட்டால் விபத்து என்பார்கள். பூவராகனுக்கு அந்த சௌகரியம் கிடையாது. பிடிக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு மீனை அடையாளத் துண்டு குத்தி உயிரோடு திருப்பி விட வேண்டும், அது எங்கே போகிறது, எத்தனை வருஷம் வாழ்கிறது என்று பிறகு தெரிந்துகொள்ள. அன்றைக்கு வந்தது நல்ல மீன், துளி காயமில்லை, அவனுக்கு ஆசை வந்துவிட்டது. கம்பளிக் கையுறை பட்டால் மீன் மேலிருக்கும் வழுவழுப்பு உரிந்துவிடும், உரிந்தால் நோய் வந்து செத்துவிடும் என்று பாடத்தில் இருக்கிறது. "கையுறைய கழட்டிடுங்கண்ணே, வெறுங்கைய நனைச்சுட்டுப் பிடிங்க" என்றான். அவரும், "ஒங்க மீனு, ஒங்க இஷ்டம்" என்று கழற்றினார். மீன் ஒரு துள்ளு துள்ளியது. அதன் வாயிலிருந்த முள் வளைவு வரைக்கும் அவர் கைக்குள் போய்விட்டது. அப்போதும் அந்த மனுஷன் மீனை விடவில்லை. "மொதல்ல இத குத்தி வுடுங்க சார், பொறவு என் கைய பாப்போம்" என்றார். இவனும் குத்தினான். நீளம் அளந்தான். மீன் வாலை வீசிக்கொண்டு ஆழத்துக்குப் போனது. நல்ல நிலையில் விடுவிக்கப்பட்டது என்று அன்று மாலை எழுதினான். எழுதியதில் பொய் ஒன்றுமில்லை.

மீனின் தோலுக்குப் பார்த்தவன் மனுஷனின் தோலுக்குப் பார்க்கவில்லை. இந்த ஒரு வரி பத்து நாளாக அவன் மண்டைக்குள் உருண்டுகொண்டிருந்தது. பல் துலக்கும்போது வரும், மீனின் வயிற்றைக் கிழித்து முட்டைப்பை பார்க்கும்போது வரும். இருநூற்று நாற்பது. ஒரு மீன் வந்தது, வாஹ்யூ கொக்கித்தடியை வீசிச் செவுளில் மாட்டி உள்ளே இழுத்துப் போட்டான். அது தளத்தில் விழுந்த அதிர்வு பூவராகனின் காலணி வழியாக முழங்கால்வரை வந்தது. அந்த இந்தோனேசியக்காரன் தடியை வீசினால் குறி தப்புவதில்லை. நான்காம் நாள் தொபியாஸின் கை சிவந்தது, ஆறாம் நாள் காய்ச்சல், எட்டாம் நாள் மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி ஒரு சிவப்புக் கோடு ஏற ஆரம்பித்தது. பூவராகன் பேனாவால் அந்தக் கோட்டின் நுனியில் குறி வைத்தான், பழக்க தோஷம், எதையும் அளந்துதான் அவனுக்குப் பழக்கம். மறுநாள் கோடு குறியைத் தாண்டி மூன்று சென்டிமீட்டர் போயிருந்தது. நேராகக் கேப்டனிடம் போனான். மத்தேயோ கெட்டவன் என்று சொல்ல முடியாது. உட்காரச் சொன்னான், காபி கொடுத்தான், ரேடியோவில் டாக்டரிடம் பேசியாகிவிட்டது, சொன்ன மாத்திரையைக் கொடுக்கிறோம், இன்னும் இரண்டு வாரத்தில் இந்தக் கடலில் மீன்பிடிப்பை நிறுத்திவிடுவார்கள், அதற்குப் பிறகு நேரே துறைமுகம்தான் என்றான். டாக்டருக்கு அந்தக் கோட்டைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டான் பூவராகன். கேப்டன் தன் இடது கையை நீட்டினான், நடுவிரலில் நுனி இல்லை. எனக்கும் ஆயிற்று, இதோ கப்பல் ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறேன் என்றான். பூவராகன் எழுந்து வந்தான். வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்கு மின்னஞ்சல் போட்டான். தங்கள் அக்கறைக்கு நன்றி, பணியாளர் உடல்நலம் கப்பல் நிர்வாகத்தின் பொறுப்பு, பார்வையாளர் கப்பலின் அன்றாட முடிவுகளில் தலையிடலாகாது என்பதை நினைவூட்டுகிறோம் என்று இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. பறவை சம்பந்தமாக எழுதினால் ஒரு வாரம் ஆகும், இதற்கு இரண்டே மணி நேரம். தொபியாஸ் அண்ணனாவது கத்திக் கூச்சல் போட்டிருக்கலாம். அவரோ, "எனக்காவ கப்பல திருப்புனா இவனுவ மூஞ்சில எப்படி முழிக்கது சார், எல்லாவனுக்கும் பிடிச்ச மீனுலதான் கூலி" என்று அவனையே சமாதானப்படுத்தினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி, பூசாரி, வரம் கேட்க வேண்டியவர், மூன்று பேருமே கையை விரித்துவிட்டார்கள்.

முந்நூறு தாண்டிவிட்டது. இனிமேல் வரப்போவதுதான் கயிற்றின் அந்தப் பகுதி. இதை இன்னொருவர் அறியக் கூடாது. அவனே கூடத் தன்னிடம் முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை. நேற்றுக் காலை இதே கயிற்றைக் கப்பலின் பின்பக்கத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். இறக்கும்போது மேலே ஒரு நாடாக் கயிறு பறக்கும், கோயில் திருவிழாத் தோரணம் மாதிரி வண்ண வண்ணமாக; அது படபடத்துக்கொண்டிருந்தால் பறவை கிட்டே வராது. காற்று திசை மாறி அந்தக் கயிறு முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. பார்த்த உடனே கத்த வேண்டும், அதுதான் வேலை. பூவராகன் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். குனிந்து குவளையிலிருந்த தேநீரைக் குடித்தான். தேநீர் தீர்ந்தும் வெறும் குவளையை வாயில் வைத்துக்கொண்டு நின்றான். நாற்பது நிமிஷம். பறவைகள் இறங்கின, மூழ்கின, எழுந்தன. எது எழவில்லை என்று அவன் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு யாரோ வந்து நாடாக் கயிற்றைச் சரிசெய்தார்கள். அவன் ஒன்றும் செய்யவில்லை, அதுதான் அவன் செய்தது. முந்நூற்று நாற்பது, காலி. நாற்பத்தொன்று, காலி. கோதை ஒருதரம் சொன்னாள், அவன் மனைவி, சிதம்பரம் சாலையில் அவர்கள் கண்ணெதிரே ஒரு ஸ்கூட்டரை லாரி தட்டிவிட்டுப் போன அன்றைக்கு. எல்லாரும் ஓடிப் போய் அந்தப் பெண்ணைத் தூக்கினார்கள், கோதை தன் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினாள். பூவராகன் லாரி எண்ணைக் குறித்துக்கொண்டான். எண் சரியாக இருந்தது, போலீஸ்காரர் கூடப் பாராட்டினார். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் கழித்து, "நீ எல்லாத்தையும் பாக்குறப்பா, எதுலயும் கை வைக்க மாட்டேங்கற" என்றாள் கோதை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், பால் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி.

முந்நூற்றெண்பதில் ஒரு கறுப்பு நீருக்கடியிலிருந்து எழும்பி வந்தது. அவன் குனிந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கு வந்தது சந்தோஷம்தான், வேறு பெயர் வைத்து ஏமாற்ற முடியாது. கறுப்பு மேலே வந்ததும் திருக்கை மீனாயிற்று. வாஹ்யூ அதைத் தட்டி விட்டான். நானூறு. நானூற்றுப் பத்து. பொய் எழுதிவிடலாமா என்றுகூட யோசித்துப் பார்த்திருந்தான், ஆனால் எழுதினால் பறவையைக் காட்ட வேண்டும், உறைபெட்டியில் மூன்றாவது பை இருக்க வேண்டும், கதவுக்கு மேலே ஒரு கேமரா கண் கொட்டாமல் வேறு இருக்கிறது. இல்லாத பறவைக்கு எங்கே போவது? நானூற்றைம்பது. அந்த நாற்பது நிமிஷத்துக்குரிய முட்கள் எல்லாம் தீர்ந்துகொண்டே வந்தன, காலி, காலி, மீன், காலி, ஒரு நட்சத்திர மீன், காலி. நாற்பது நிமிஷம் வேலையை விற்று அவன் வாங்கியது ஒன்றுமில்லை. பறவைகள் எல்லாம் தப்பித்துக்கொண்டன போலிருக்கிறது. பக்கத்தில் துடைப்பம் நின்றது. "சார், மொகம் என்ன இப்படி வெளிறிக் கெடக்கு? உள்ள போயி சூடா எதாவது குடிச்சிட்டு வாருங்க, நா எண்ணுதேன்" என்றார் தொபியாஸ். நீங்கள் எண்ணக் கூடாது அண்ணே, விதி என்றான் பூவராகன். "விதியா? அப்பஞ்சரி" என்று அவர் மறுபடி துடைக்கத் தொடங்கினார். அவர் நெற்றியில் வேர்வை இருந்தது. இந்தக் குளிரில் வேர்வை.

"புருங்!" என்று வாஹ்யூ கத்தினான். அவன் மொழியில் பறவை. கயிற்றை இழுக்கும் சக்கரம் நின்றது. கதவுக்குக் கீழே, நீர் மட்டத்தில், மேலே வந்துகொண்டிருந்த முள்ளிலிருந்த இரையைப் பிடுங்கப் போய், பெட்ரல் என்ற ஒரு பெரிய கடற்பறவை மாட்டிக்கொண்டு அடித்தது. விரித்தால் ஆறேழு அடி வரும் சிறகு, பலகையில் பலகை மோதுகிற சத்தம். உயிரோடு. பூவராகன் கதவருகே மண்டியிட்டான். வலையைத் தாழ்த்தி அள்ளித் தளத்தில் போட்டார்கள். யாரும் கூப்பிடாமலே துடைப்பத்தை எறிந்துவிட்டுப் பாய்ந்து வந்த தொபியாஸ் தலைத்துண்டை உருவிப் பறவை மேல் போட்டு, உடம்பை முழங்காலுக்கிடையில் அணைத்து, இடது கையால் சிறகை அமுக்கி, கட்டுப்போட்ட கையாலேயே அதன் அலகை வளைத்துப் பிடித்தார். "பாருங்க சார், சீக்கிரம்." அது எண்ணெயாகக் கக்கியது, அழுகின மீன் நாற்றம் மூன்று பேரையும் குளிப்பாட்டியது. முள் வலது சிறகின் மடிப்பில், தோலில் மட்டும். எலும்பில் இல்லை. பூவராகன் இறகை விலக்கி விலக்கித் தேடினான், ரத்தம் இல்லை. ஒரு சொட்டு இல்லை. சிறகெலும்பு அவன் விரல்களுக்கு நடுவில் இருந்தது, உள்ளே கூடாக, முருங்கைக் குச்சியைவிடக் கனமில்லாமல். ஒரு திருகு. இழுக்கும்போதே ஒடிந்திருந்தது என்று சொன்னால் யார் மறுப்பார்கள், துண்டு மூடியிருக்கிறது, கேமராவுக்கு முதுகுதான் தெரியும். மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மத்தேயோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் இந்தப் பறவையின் விலை தெரியும். திருகு, திருகு என்று மனசு சொன்னது. வேலைக்கு முந்தைய பயிற்சியில், ஒரு ஓட்டல் அறையில், பிராய்லர் கோழியில் முள்ளைக் குத்திக் கொடுத்து எடுக்கப் பழக்கியிருந்தார்கள் அவனுக்கு; முதலில் முள்ளின் எதிர்க்கூரை நறுக்கு, பிறகு வந்த வழியே பின்னுக்குத் தள்ளு, ஒருபோதும் இழுக்காதே. அவன் மனசு திருகு என்று சொல்லிக்கொண்டிருக்க, கை வெட்டும் இடுக்கியை எடுத்து எதிர்க்கூரை நறுக்கியது, பின்னுக்குத் தள்ளியது, முள்ளை வெளியே எடுத்துத் தளத்தில் போட்டது. அவ்வளவு சுத்தமாக அவன் இதுவரை எடுத்ததே இல்லை.

"வுடவா சார்?" என்று கேட்டார் தொபியாஸ். பூவராகன் தலையை ஆட்டினான். துண்டை எடுத்ததும் பறவை எழுந்து நின்று, இரண்டு சிறகையும் ஒரே அளவில் விரித்து, ஒரே அளவில் மடக்கிக் காட்டியது. நொண்டட்டும், ஒரு அடி நொண்டட்டும் என்று பார்த்தான். அது கதவின் விளிம்புக்கு நடந்து போய், காற்றில் சாய்ந்து, போய்விட்டது. மேலேயிருந்து மத்தேயோ கைதட்டினான், நிஜமாகவே சந்தோஷமாக. சக்கரத்தை ஓட்டச் சொல்லிவிட்டு உள்ளே போனான். வாஹ்யூ சிரித்தான். உயிரோடு, காயமில்லை. பூவராகனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்லது செய்துவிட்டு இப்படி ஒருவன் அழுவானா? எழுந்திருக்கக் கையை ஊன்றியபோதுதான் தொபியாஸின் கையைப் பார்த்தான். கட்டு அவிழ்ந்து தொங்கியது. ஆட்காட்டி விரலின் அடியில், அலகின் வளைந்த நுனி இறங்கிய இடம், பென்சில் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதிலிருந்து ரத்தம் வரவில்லை, கலங்கலாக ஏதோ ஊறியது.

"கொத்திட்டுதாண்ணே?"

"கொத்திட்டா? எங்க?" அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். "அட, ஆமா! எனக்குத் தெரியவே இல்ல பாத்தியளா."

"வலிக்கலயா?"

"காலையில முழிச்சதுலருந்தே நோவு இல்ல சார். ஒங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். மாத்திரைக்கு நோவு கேட்டுட்டு. நீங்கதான் சும்மா பயந்துட்டிய."

ஆறினாலும் வலி போகும், செத்தாலும் போகும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லித்தான் என்ன, கேப்டனிடம் போகலாம், காபி கொடுப்பான். சக்கரம் ஓட ஆரம்பித்திருந்தது, முட்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, ஒருவரும் எண்ணவில்லை. "விரல மடக்குங்கண்ணே, பாப்போம்" என்றான் பூவராகன். தொபியாஸ் அவன் முகத்துக்கு நேராகக் கையைப் பிடித்து மடக்கிக் காட்டினார். இரண்டு விரல் மடங்கியது. மற்ற மூன்றும் விறைத்தபடி நின்றன. அவர் கையைப் பார்க்கவில்லை, பறவை போன பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "சரியா மடக்குதேனா சார்?" என்று கேட்டார்.